கத்திக் கட்சி, ஊசிக் கட்சி

"புண்ணைக் கிழிச்சுச் சீழை வெளியேத்துங்க! சும்மா ஊசியாக் குத்தினா ஆறிடுமா?"

"பெனிசிலின் வந்தப்புறமும் கத்தியைத் தூக்கறீங்களே, இது ஆஸ்பத்திரியா, மரம் அறுக்கிற மில்லா?"

முதலில் எகிறியவர் டாக்டர் பாக்கியநாதன். பதிலுக்கு எகிறியவர் டாக்டர் அப்துல் மாலிக். திருச்சியில் அந்த ஆஸ்பத்திரிக்குத் தினமும் இதுதான் சுப்ரபாதம்.

மணப்பாறை ரோட்டில் பஸ் கவிழ்ந்து கால் முறிந்த இரண்டு பேர் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தார்கள். ஆப்பரேஷன் முடிந்த பிறகு இருவருக்குமே புண்ணில் சீழ் வைத்துவிட்டது. துறையூர் அற்புதசாமி, கத்தி டாக்டர் பாக்கியநாதனின் பேஷண்ட். ஸ்ரீரங்கம் அழகியமணவாளன், ஊசி டாக்டர் மாலிக்கின் பேஷண்ட். வார்டே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. ஐம்பத்தேழு எலெக்‌ஷன் தோற்றது போங்கள்!

அழகியமணவாளன் கோயிலில் பெருமாளைத் தோளில் சுமக்கிறவர். கால் போனால் அந்தக் கைங்கரியமும் போச்சு. அவர் மனைவி வேதவதிக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் மட்டும்தான் வீட்டாரை வார்டுக்குள் விடுவார்கள். வந்து பார்த்தால் ஜுரம் குறைந்தபாடில்லை.

மாலிக்கிடம் கேட்டே விட்டாள். "டாக்டர், அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கோளேன்."

"யாரை? பாக்கியநாதனையா? அவர் நிழல்கூட என் பேஷண்ட் மேல விழக் கூடாதும்மா!"

வேதவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க வீம்புக்கு எங்காத்துக்காரர் கால்தானா கிடைச்சுது?"

டாக்டர் விறுவிறுவென்று அடுத்த வார்டுக்கு நடந்துவிட்டார். படித்தவர்களின் திமிர் இருக்கிறதே, அப்பப்பா!

ஆனால் பாருங்கள், அடுத்த வாரமே ஜுரம் இறங்கியது. புண் ஆறத் தொடங்கியது. அற்புதசாமிக்கும் அப்படியே. கடைசியில் ஒரே நாளில் இருவரும் கைத்தடியோடு வாசலுக்கு நடந்து வந்தார்கள். வேதவதிக்குச் சந்தோஷத்தில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"புண்ணுல ஒரு கீறல் போடாம குணமாக்கிட்டார் எங்க டாக்டர்!" என்றாள்.

அற்புதசாமியின் மனைவி வியாகுலம்மாள் விடுவாளா? "போங்கம்மா! ஒரு ஊசி போடாம குணமாக்கினது எங்க டாக்டர்!"

ஆண்கள் இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"சொல்லிடுவமா சாமி? வாயே திறக்கக் கூடாதுன்னாங்களே ரெண்டு டாக்டரும்!" என்றார் அற்புதசாமி.

"இனிமே என்ன? என் புண்ணைக் கிழிச்சுச் சுத்தம் பண்ணினதே உங்க பாக்கியநாதன் டாக்டர்தானே!"

"எனக்கு வேளாவேளைக்கு ஊசி போட்டது உங்க மாலிக் டாக்டர்!"

வேதவதி திகைத்துப் போனாள். "எங்க டாக்டருக்குத் தெரியாமலா?"

"தெரியாமலா? அவரே போய்க் கையைப் பிடிச்சு அழைச்சுண்டு வந்தார்டி. 'நம்ம சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம் பாக்கியநாதன், இது பெருமாளைச் சுமக்கற கால்'னார்!"