கரைவாசியின் கார்டுகள்

‘கழியில் தண்ணீர் நான்கு சாண். பூநாரைகள் அறுபது’ என்று எழுதிவிட்டு, கையெழுத்துப் போடும் இடத்தில் ‘கரைவாசி’ என்று முடித்தாள் காஞ்சனா. அவள் உட்கார்ந்திருந்தது திருத்தணியில், அடுப்பு ஓரத்தில். பிறந்ததிலிருந்து கடலைக் கண்ணால் பார்த்ததில்லை.

மை காய்வதற்குள் வாசலில் ஒரு குரல். “துளசிங்கம் வீடு இதுங்களா? நான் மெட்ராஸ்லேர்ந்து வர்றேன். உப்பங்கழி ஆபீசர்.”

தறியில் நெய்துகொண்டிருந்த அவள் புருஷன் துளசிங்கம் சத்தமில்லாமல் தறிக்குழிக்குள் குந்திக்கொண்டான். சேலை மூட்டையோடு ஊர் ஊராகப் போய் வாயடித்து விற்றுவிட்டு வருகிற மனுஷன்தான். ஆபீசர் என்றால் மட்டும் அவனுக்கு அப்படி ஒரு பயம்.

வந்தவர் இளைஞர், ஒல்லி. பையிலிருந்து ஒரு கட்டு கார்டுகளை எடுத்துக் காஞ்சனாவின் முன்னால் வைத்தார்.

“பழவேற்காடு கழிய அந்தக் கரையோர ஜனங்களே கவனிச்சு வாராவாரம் எழுதணும்னு கார்டு அச்சடிச்சுக் குடுத்தோம். முப்பது பேருக்குக் குடுத்ததுல ஒழுங்கா வர்றது இந்தக் கரைவாசியோடதுதான். ஆனா முத்திரையப் பாருங்க. திருத்தணி! இங்க ஏதும்மா கழி? மலை மேலயா?”

காஞ்சனா ஒரு கார்டை எடுத்து முத்திரையை உற்றுப் பார்த்தாள். பெட்டியில் போட்ட பிறகு தபால்காரர்கள் கார்டின் மேல் ஊர்ப்பெயரைக் குத்துவார்கள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

“தபாலாபீசுலதான் உங்க வீட்டக் காட்டினாங்க. இந்தக் கார்டுங்கள நம்பித்தான் திட்டமே ஓடிகிட்டிருக்கு. பொய்யின்னா அடுத்த மாசமே இழுத்து மூடிடுவாங்க. இதுல ஒண்ணாவது நெஜமாம்மா?”

“எல்லாமே நெஜம்தாங்க.”

“நீங்க கடலப் பாத்திருக்கீங்களா?”

“இல்லீங்க.”

ஆபீசர் பெருமூச்சு விட்டுக் கார்டுகளைத் திரும்பப் பையில் போடப் போனார். அப்போது தரைக்குள்ளிருந்து ஒரு தலை எழும்பியது. “அவள ஒண்ணும் சொல்லாதீங்க சார்!”

ஆபீசர் துள்ளிப் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டார்.

“எல்லாத்தையும் சொல்லிடு பாவா” என்றாள் காஞ்சனா.

துளசிங்கம் குழியில் நின்றபடியே கை கட்டிக்கொண்டான். “திங்கக்கெழமைக்குத் திங்கக்கெழம பழவேற்காட்டுக்குச் சேல விக்கப் போறேங்க. அங்க குப்பம்மாள்னு ஒரு அம்மா. எழுதப் படிக்கத் தெரியாது. ஞாயித்துக்கெழமையில, தண்ணி அளக்க நீங்க நட்ட கம்பப் பாத்து, என்னாண்ட வாங்கி வெச்சிருக்கற நூல்ல முடிச்சு போட்டுடும். செவப்பு நூல்ல எத்தினி முடிச்சோ அத்தினி சாண் தண்ணி. வெள்ளையில ஒரு முடிச்சுக்குப் பத்து பூநாரை. எனக்கும் எழுத்து வராதுங்க. இவ எட்டாவது படிச்சவ. அந்தம்மா குடுக்கற நூலையும் கார்டையும் நான் கொண்டாந்து குடுப்பேன், இவ எழுதுவா.”

காஞ்சனா ஓடிப் போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தாள். ஒவ்வொரு வாரத்து நூலும் தேதி போட்ட காகிதத்தில் சுற்றி அதற்குள் இருந்தது.

ஆபீசர் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு நூல், ஒரு கார்டு என்று விரல் விட்டு எண்ணி ஒத்துப் பார்த்தார். ஒரு முடிச்சுகூடப் பிசகவில்லை.

“சரி. ‘இதர விவரம்’னு கீழ ஒரு எடம் விட்டிருந்தோமே, அதுல இதெல்லாம் யார் எழுதச் சொன்னது?” என்று ஒரு கார்டைப் படித்தார். “‘ஆபீசர் செருப்பில்லாமல் சேற்றில் இறங்க வேண்டாம், சிப்பி கிழிக்கும்.’ இன்னொண்ணு, ‘ஆபீசர் வெயிலுக்குத் தலையில் துண்டு கட்டிக்கொள்ளவும்.’”

காஞ்சனாவுக்கு வெட்கமாகப் போயிற்று. “அந்தம்மா சொன்னத இவரு அப்பிடியே வந்து ஒப்பிப்பாருங்க. நானா ஒரு வார்த்த சேக்கலீங்க.”

“அவங்க பேர ஏன் எழுதல?”

“அத எழுதினா எந்தக் குப்பத்துலயும் உன் மூட்டையப் பிரிக்க வுட மாட்டேன்னு சொல்ச்சுங்க” என்றான் துளசிங்கம். “ஆபீசர் வாசல்ல வந்து நின்னாகூட மூஞ்சிய பாக்க மாட்டேன்னு ஒரே புடியா இருக்குது. ஆனா பஸ்ஸு அரை மணி லேட்டா போய்ச் சேந்தாலும் போதும், நூலக் கையில புடிச்சுகினு ரோட்டுக்கே வந்து நின்னுகினு இருக்கும்.”

ஆபீசர் கையிலிருந்த சிவப்பு நூலை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

காஞ்சனா டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “சார், அந்தம்மா மேல ஏதாச்சும் நடவடிக்க எடுப்பீங்களா? பாவம், வயசானவங்க.”

ஆபீசர் மெல்ல நிமிர்ந்தார்.

“சொல்லாம கல்யாணம் பண்ணிகிட்டேன்னு எங்கம்மாவுக்கு இன்னுமா என் மேல கோவம்?”