வீட்டு விசா

பெருந்தொற்று அடங்கி வெளிநாட்டுப் பயணிகளை மறுபடி அனுமதித்தபோது அரசு ஒரே நிபந்தனை போட்டது. வருகிறவர் ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும். அந்தக் குடும்பம் போகும் இடங்களுக்கு மட்டுமே அவரும் போகலாம்.

கும்பகோணத்தில் சுகுணா வீட்டுக்கு வந்தவர் இத்தாலிக்காரர் மத்தேயோ. கோயில்களைப் பார்க்கும் ஆசையில் வந்தவர், முதல் வாரம் முழுக்க ரேஷன் கடையையும் பல் ஆஸ்பத்திரியையும்தான் பார்த்தார். ஆனாலும் சலிக்காமல் கூடவே பை தூக்கினார்.

அடுத்த வாரம் சுகுணாவின் மூன்று வயது மகள் மகிழினிக்குச் சுவாமிமலைக் கோயிலில் காதுகுத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் வேலை பார்க்கும் நாடு இன்னும் எல்லையைத் திறக்கவில்லை. சுகுணாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எதுக்கு அழுவுற? சட்டப்படி இவரும் நம்ம வீட்டு ஆளுதானே? உனக்கு அண்ணனா நெனச்சுக்க," என்றான் கணவன் செழியன்.

விஷயத்தைச் சொன்னதும் மத்தேயோ வேட்டி கட்டிக்கொண்டு தயாராகிவிட்டார். கோயிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தவரின் மடியில் மகிழினி தானாகவே ஏறிக்கொண்டாள். ஆசாரி ஊசியை எடுத்ததுமே அவர் கண்களை இறுக மூடினார். குழந்தை வீறிட்டாள். அவரும் சேர்ந்து அழுதுவிட்டார்.

முதலில் நிறுத்தியது குழந்தைதான். அவர் தாடியில் வழிந்த கண்ணீரைத் துடைத்துவிட்டாள்.

"அழாத மாமா. முடிஞ்சிருச்சு."