மூன்று இருமல்

பெத்த பொண்ணு ஆஸ்பத்திரியில் இடுப்பு வலியோடு கிடக்கிறாள். அப்பன்காரன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ஒரே ஒரு பேரைச் சொல்ல மாட்டேன் என்கிறான்.

“தெரியாது சார்.”

மூன்று நாளாக இதே பதில். இன்ஸ்பெக்டருக்கே அலுத்துவிட்டது.

“தையல் மிஷின் கடைக்குள்ள பூந்தது யாரு? ஆளைக் காட்டு. ஜாமீனுக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன். சாயங்காலமே பேரப்பிள்ளை முகத்தைப் பார்க்கலாம்.”

“தெரியாது சார்.”

தொழிலில் அவனுக்கு இருமல் என்று பேர். வாசலில் காவல் நிற்பது அவன் வேலை. யாராவது வந்தால் மூன்று தடவை இருமுவான். உள்ளே இருக்கும் பஞ்சு அண்ணன் பின்பக்கமாக நழுவிவிடுவார். அவர் நடந்தால் சத்தமே கேட்காது, அதனால் பஞ்சு. இருபது வருஷக் கூட்டு. அதில் நாலு தடவை ஜெயில். நாலு தடவையும் இருமலுக்கு மட்டும்.

“அது என்னங்க, எப்பப் பார்த்தாலும் உங்களை மட்டுமே பிடிக்கிறாங்க?” என்று பொண்டாட்டி கேட்டிருக்கிறாள்.

“நான் என் வேலையை ஒழுங்கா பார்த்தேன்னு அர்த்தம்டி” என்பான். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

இப்போது அவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து ஸ்டேஷன் கதவோரம் நின்றாள்.

“அப்பா எங்கேன்னு அவ கேட்டுக்கிட்டே இருக்கா. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க எல்லாரும் வந்தாச்சு. நான் என்னன்னு சொல்றது?”

“வெளியூர் போயிருக்கார்னு சொல்லு.”

“அவ கல்யாணத்துக்கும் அதையேதான் சொன்னேன்.”

 ஆனாலும் இருமல் அந்தப் பேரைச் சொல்வதாக இல்லை. அவன் இடத்தில் அண்ணன் இருந்தால் அவரும் இதைத்தானே செய்வார்?

“எவனோ ஒருத்தன். பேரைக்கூட என்கிட்ட சொன்னதில்ல. அவன் மேல இருக்கிற பாசத்துல கால்வாசி பெத்த பொண்ணு மேல இருந்தா போதும்” என்று சொல்லிவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போய்விட்டாள்.

இன்ஸ்பெக்டர் சும்மா இருக்கவில்லை. இந்தத் தொழில் தெரிந்த ஆறு பேரை அள்ளிக்கொண்டு வந்து, பின்பக்கம் சுவரோரமாக வரிசையில் நிறுத்தியிருந்தார். நாலாவதாகப் பஞ்சு அண்ணன். தேய்த்த சட்டை, பாக்கெட்டில் பேனா. பேங்குக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

“இவனை யாருக்காவது தெரியுமா?” என்று இருமலைக் காட்டிக் கேட்டார்.

ஆறு பேரும் இல்லை என்று தலையை ஆட்டினார்கள். பஞ்சு அண்ணன் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு ஆட்டினார்.

“ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் பார்த்துக்கிட்டே மெதுவா நட” என்றார் இன்ஸ்பெக்டர்.

நடப்பதில் இருமலுக்குக் கஷ்டமில்லை. கஷ்டமெல்லாம் தொண்டையில். மூன்று நாள் சிமெண்ட் தரையில் படுத்ததில் நெஞ்சில் சளி கட்டியிருந்தது. இந்த நேரம் பார்த்து இருமித் தொலைத்தால்? இருபது வருஷப் பழக்கம், அண்ணனின் கால் தானாகச் சுவரைத் தாண்டிவிடும். அப்புறம் ஆளைக் காட்டவே வேண்டாம்.

முதல் ஆளிடம் எச்சிலை விழுங்கினான். அடுத்தவனிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டான். மூன்றாவது ஆளிடம் வருவதற்குள் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“என்னடா அழுவுற?” என்றார் ஏட்டு.

“பொண்ணு ஞாபகம் சார்.” அதுவும் பொய்யில்லை.

அண்ணனை ஏறெடுத்தும் பார்க்காமல் தாண்டினான். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டதுதான் தப்பு. ஐந்தாவது ஆள் முகத்துக்கு நேராக வெடித்தது. சொல்லி வைத்த மாதிரி மூன்று தடவை.

இருமல் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஓடாதீங்கண்ணே, ஓடாதீங்க.

திறந்து பார்த்தான். பஞ்சு அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார். பாக்கெட் பேனாவைத் தடவிக்கொண்டிருந்தார். குதிகால்கூட அசையவில்லை. என்ன ஒரு நெஞ்சழுத்தம்! இருமலுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏட்டு சிரித்தார். “இதனாலதான் இருமல்னு பேரா? நாலு தெருவுக்குக் கேக்குது.”

“அதைச் சொல்லுங்க” என்றார் இன்ஸ்பெக்டர். “ஊரையே கூட்டுறவனைப் போய்க் காவலுக்கு வெச்சிருக்கான். நாலு தடவை மாட்டினவன்னு தெரிஞ்சும் வெச்சிருக்கான். அந்தத் திருடன் எவ்வளவு பெரிய மடையனா இருக்கணும்?”

வரிசையில் நின்ற மற்ற ஐந்து பேரும் சிரித்துவிட்டார்கள். போலீஸ்காரன் சிரித்தால் பரவாயில்லை, தொழில்காரன் சிரித்தால் யாரால் தாங்க முடியும்? பஞ்சு அண்ணனுக்குக் காது சிவந்தது.

“யாரு சார் காவலுக்கு வெச்சா? இவன் இருமுறதுக்குள்ள நான் ரெண்டு தெரு தாண்டியிருப்பேன். கடைக்காரன் வந்தா அவன் கைக்கு ஒரு ஆள் அகப்படணுமா இல்லையா? ஒருத்தன் மாட்டிக்கிட்டா இன்னொருத்தனை யாரும் துரத்த மாட்டாங்க. மாட்டுறதுக்குன்னே வெச்ச ஆளு சார் இவன். அதுதான் தொழில்.”

சிரிப்பு நின்றது. பேனாவைத் தடவிய கையும் நின்றது. ஏட்டு நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

இருமலுக்கு இருமல்கூட நின்றுவிட்டது.

இன்ஸ்பெக்டர் அவன் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பொண்ணைப் பார்க்க ஏட்டு உன்னைக் கூட்டிட்டுப் போவாரு. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. இவரைத் தெரியுமா உனக்கு?”

இருமல் திரும்பி அண்ணனின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தான்.

“தெரியாது சார்.”

மூன்று நாளில் முதல் தடவையாக இன்ஸ்பெக்டர் அதை நம்பினார்.