தனிச் சமையல்

தங்கம் தோண்டும் முகாமில் எவரையும் நம்பக்கூடாது. என் கை நடுங்கத் தொடங்கியதுமே சமையல்காரி இடலினா மேல்தான் சந்தேகப்பட்டேன்.

"சோத்துல என்னடி கலக்குற?"

"உப்பு. வேணாம்னா நீயே ஆக்கித் தின்னு, பெருசு!"

அன்றே சாப்பாட்டுக் கொட்டகைப் பக்கம் போவதை நிறுத்தினேன். முகாமை ஒட்டி ஓடும் தப்பஜோஸ் ஆற்றில் நானே மீன் பிடித்தேன், நானே சுட்டுத் தின்றேன். நடுக்கம் கூடியது.

படகில் வந்த நர்ஸ் சோதித்துவிட்டு, "உடம்பெல்லாம் பாதரசம், ஐயா" என்றாள்.

"பாத்தியா! அவ வேலைதானே?"

"தங்கத்துக்காக நீங்க காய்ச்சுன பாதரசப் புகைல ஆரம்பிச்சிருக்கு. மிச்சம், நீங்க ஆத்துல கொட்டுனதைத் தின்ன மீனு. அதுக்குப் பயந்துதான் அந்தம்மா டப்பா மீனையே ஆக்குறாங்க."

"மருந்து இருக்கா?"

நர்ஸ் பையை மூடிக்கொண்டு படகில் ஏறினாள்.

இப்போது இடலினாதான் எனக்கு ஊட்டிவிடுகிறாள். "ஆ காட்டு, பெருசு" என்கிறாள்.

காட்டுகிறேன்.