ஏழு பேரில் ஒருத்தி

தாராபுரத்தில் தையல் கடை வைத்திருக்கும் கோகிலவாணிக்குப் போன வருஷம் முடிவுக் குழுவிலிருந்து அழைப்பு வந்தது. பிறவியிலேயே இதயம் பாதிதான் வளர்ந்திருக்கிற குழந்தைக்கு ஆபரேஷன் செய்வதா, நோகாமல் போக விட்டுவிடுவதா என்ற பாரத்தைப் பெற்றவர்கள் தலையில் ஏற்றக் கூடாதென்று சட்டம் வந்துவிட்டது. முன்பின் தெரியாத ஏழு பேர் ரகசிய ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள்.

ஓட்டுப் போடப் போன அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அவள் ஒரு கல்யாண ஜாக்கெட்டைத் தைத்துக் கொடுத்தாக வேண்டும். குழந்தையைப் பற்றிய நாற்பது பக்க அறிக்கையில் நாலு பக்கம் புரட்டினாள். 'ஆபரேஷன் வேண்டாம்' என்று அழுத்திவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

இன்று மத்தியானம் ஒரு தம்பதி கடைக்கு வந்தார்கள். அந்தப் பெண் இடுப்பிலிருந்த குழந்தையைக் கோகிலவாணியின் மடியில் உட்கார வைத்தாள். சட்டை விலகிய இடத்தில் நெஞ்சில் நீளமாகத் தழும்பு தெரிந்தது.

"இவனுக்குத்தானுங்க்கா நீங்க ஓட்டுப் போட்டீங்க. நாலு பேரு ஆபரேஷன் பண்ணச் சொன்னாங்களாமா. அந்த நாலு பேரு ஆருன்னு சொல்ல மாட்டேங்கறாங்க, குழுவுல இருந்த ஏழு பேர்த்து பேரு மட்டுந்தான் குடுத்தாங்க. அதான் ஏழு பேர்த்தையும் பாத்துக் கும்பிட்டுட்டுப் போலாம்னு வந்தோமுங்க."

குழந்தை கோகிலவாணியின் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பிடித்து இழுத்துச் சிரித்தது.

"வேண்டாம்னு போட்ட மூணு பேரு மேலயும் எங்களுக்கு வருத்தமில்லீங்க்கா," என்றான் கணவன். "அவங்களும் எல்லாத்தையும் படிச்சு, ராத்திரியெல்லாம் தூங்காம யோசிச்சுத்தான போட்டிருப்பாங்க?"

கோகிலவாணி குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். தகப்பன் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்தபடியே, "ஆமாங்க," என்றாள்.