இருபதாவது நிமிடம்

ஆயுத பூஜைக்குப் பிறகு நடந்த மூன்று ஒத்திகைகளிலும், சரியாக இருபதாவது நிமிடத்தில் எஸ்தரின் பேஸ் கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஊமையானது. கொஞ்சம் ஆறவிட்டால் மறுபடி பேசும். ஒயரை மாற்றினாள், பிளக்கை மாற்றினாள், கிட்டாரையே மாற்றிப் பார்த்தாள்.

"சனிக்கிழமை கச்சேரிக்கு கீபோர்டுலயே பேஸ் வச்சுக்கலாம்," என்றான் பாடகன் தண்டபாணி.

அவள் சுவரை ஒட்டியிருந்த பெட்டியை இழுத்துத் திருப்பினாள். பின்பக்கம் காற்றுப் போவதற்கென்று இருந்த நாற்பது ஓட்டைகளிலும் சந்தனம் அடைத்துக் காய்ந்திருந்தது. ஒவ்வொன்றின் மேலும் குங்குமம்.

"யாரு வச்சது?"

"நான்தான். பூஜைக்கு நீ வரல. உன் பெட்டி மட்டும் சும்மா இருக்கக் கூடாதுன்னு..."

எஸ்தர் தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தாள். கடைசி ஓட்டைக்கு வந்தபோது, "அது ஒண்ணையாவது விடேன்," என்றான் தண்டபாணி.

விட்டாள். கிட்டாரை மாட்டிக்கொண்டு, "பாடு," என்றாள்.

பாடியபடியே அவன் கடிகாரத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். இருபதாவது நிமிடத்தில் வரி மறந்து அவன் குரல் நின்றுபோனது. எஸ்தரின் பேஸ் நிற்கவில்லை.