சிங்கத்தின் கழுத்தில் ரம்பம்

உப்பு வியாபாரி ஃபாங் கட்டிய இருநூறு வருஷத்து மாளிகையில் உச்சிவெயில் முற்றத்தின் வழியே நேராக இறங்குகிறது. மூன்று வருஷமாக அதைப் பழுதுபார்த்துவரும் தச்சுக்காரி யூலான் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறாள். சாரத்தின் மேல் அவள் கொழுந்தன் ஜின்பாவ், உத்தரத்தைத் தாங்கும் மரச்சிங்கத்தின் கழுத்தை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருக்கிறான். பொன்னிறத் தூள் வெயிலில் கொட்டுகிறது. “இறங்குடா நாயே!” “கத்தாதீங்க அண்ணி, நல்ல விலை பேசியாச்சு. செத்துப்போன ஃபாங்கா எந்திரிச்சு வந்து கேக்கப்போறான்?” ரம்பம் நிற்கவில்லை. யூலான் விறுவிறுவென்று ஏறி, கொட்டாப்புளியை ஓங்கி அவன் விரல்கள் மேல் இறக்குகிறாள். எலும்பு நொறுங்குகிறது. அவன் அலறியபடி கல்தரையில் போய் விழுகிறான். “ஐயோ, கை போச்சே!” அவள் குனிந்து பார்க்கவில்லை. அறுபட்ட இடத்தில் விரலை நுழைத்து ஆழம் பார்க்கிறாள். பாதிக் கழுத்து மிச்சமிருக்கிறது. “பொழச்சுக்குவே,” என்கிறாள் சிங்கத்திடம்.